முந்திக்கு எத்தனை பைட்?

ஆரணி, சேவூர், தேவிகாபுரம் வட்டாரத்து நெசவு வீடுகளிலிருந்து கணினி படிக்கப் போயிருக்கும் மாணவ மாணவியருக்கு,



பட்டுக்குப் பேர்போன ஊரின் பிள்ளைகளிடம், மென்பொருளில் நடந்த மிகச் சிறிய திருத்தம் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்காக எழுதப்படும் மடல் இது. திருத்தம் நடந்தது 2022-இல், கிட் என்ற மென்பொருளில். பழுது ஆளைக் கவிழ்க்கும் பழுதல்ல. திரையில் நேராக இறங்க வேண்டிய ஒரு கோடு கோணலாக இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோணலுக்குக் காரணமான கணக்கு, ஆங்கிலம் அல்லாத எழுத்தில் கோப்புக்குப் பெயர் வைக்கும் எல்லோரையும் தொடுகிறது. தமிழில் வைப்பவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே தொடுகிறது.

கிட் உங்களுக்குப் புதிதல்ல. ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் வாரத்தில் ஆட், கமிட், புஷ் என்று மூன்று கட்டளைகளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தட்டியிருப்பீர்கள். லினக்ஸ் கெர்னலின் நிரலை வைத்துக் காக்க அதுவரை பயன்பட்ட பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் 2005-இல் நின்றுபோனது. அந்த ஏப்ரலிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவிதான் கிட். ஜூலையில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். அதில் ஒரு வரி மாற வேண்டுமென்றாலும், ஏன் மாற வேண்டும் என்று எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்து, பிறர் படித்துக் கேள்வி கேட்ட பிறகே உள்ளே போகும். இப்படிப் படித்துப் பார்ப்பதைத் தொழிலில் ரிவ்யூ என்கிறார்கள். நிரல் எழுதக் கற்றுத்தர வகுப்புகள் நிறைய இருக்கின்றன. அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லக் கற்றுத்தரும் வகுப்பு அரிது.

இனி அந்தக் கோடு.

எந்தக் கோப்பில் எத்தனை வரி மாறியது என்று கேட்டால் கிட் ஒரு பட்டியல் தரும். இடப்பக்கம் கோப்பின் பெயர், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் மாறிய வரிகளின் எண்ணிக்கையும் கூட்டல் கழித்தல் குறிகளும். பெயர்களில் மிக நீளமானது எது என்று முதலில் பார்த்துக்கொண்டு, மற்றப் பெயர்களுக்குப் பின்னால் அந்த அளவுக்கு வெற்றிடம் விட்டுக் கோட்டை நேராக்கும். நீளத்தை அளக்க அது பயன்படுத்தியது சி மொழியின் ஸ்டர்லென். ஸ்டர்லென் எழுத்துகளை எண்ணுவதில்லை. நினைவகத்தில் எத்தனை பைட் என்று எண்ணும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், திரையிலும் ஒரு கட்டம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் பழுது பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் கிடந்தது. கடைசியில் சிரிலிக் எழுத்தில் பெயர் வைத்த ஒருவர், தன் திரையில் கோடு கோணலாக வருகிறது என்று எழுதினார். சிரிலிக்கில் ஓர் எழுத்துக்கு 2 பைட்.

தமிழில்? உங்கள் வீட்டுச் சேலைக் கணக்கை ஒரு கோப்புறையில் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'முந்தி' என்று ஒரு கோப்பு. கூடவே ஆங்கில எழுத்தில் 'ரீட்மீ' என்று ஒரு கோப்பு. முந்தி நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு அது ம, உகரக் குறி, ந, புள்ளி, த, இகரக் குறி என்று ஆறு. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 18 பைட். புள்ளிக்குத் தனியிடம் கிடையாது என்பதால், கிட்டின் அகல அட்டவணைப்படி முந்தி திரையில் பிடிப்பது 5 கட்டம். ஆங்கிலத்தில் ஆறெழுத்துள்ள ரீட்மீயோ 6 பைட், 6 கட்டம். பழைய கணக்கில் மிக நீளமான பெயரின் அளவு 18. ஆகவே ரீட்மீக்குப் பின்னால் 12 வெற்றிடம் சேரும், முந்திக்குப் பின்னால் ஒன்றும் சேராது. ஒரு வரியில் கோடு 18 கட்டம் தள்ளி நிற்கும், அடுத்த வரியில் 5 கட்டத்திலேயே நின்றுவிடும். 13 கட்டம் கோணல்!

சரிசெய்ய முன்வந்தவர் டோர்ஸ்டன் பெகர்ஸ்ஹவுசன். கிட்டில் எழுத்துமுறை சார்ந்த பழுதுகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவர். திரையகலத்தை அளக்கும் செயல்கூறு ஒன்று கிட்டுக்குள் ஏற்கெனவே இருந்தது. ஸ்டர்லென்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டால் வேலை முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். திருத்தத்தைப் படிப்பவர் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் வெற்றிடத்தை நிரப்பும் வேலையைச் செய்தது சி மொழியின் பிரிண்ட்எஃப் குடும்பம், அதுவும் பைட்டைத்தான் எண்ணுகிறது. அளவை மட்டும் திருத்தினால் மிக நீளமான பெயர் 6 கட்டம் என்று சரியாக வரும். ஆனால் 18 பைட் உள்ள முந்தியைப் பார்த்து, 'இது ஏற்கெனவே ஆறைத் தாண்டிவிட்டது' என்று பிரிண்ட்எஃப் வெற்றிடம் விடாமல் போய்விடும். முந்தியின் கோடு 5 கட்டத்தில், ரீட்மீயின் கோடு 6 கட்டத்தில். 13 கட்டக் கோணல் 1 கட்டமாகச் சுருங்கும். அவசரமாகப் பார்ப்பவர் சரியாகிவிட்டது என்று தலையாட்டிவிடுவார்.

பெகர்ஸ்ஹவுசன் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். வெற்றிடம் எவ்வளவு என்பதைத் தானே கணக்கிட்டு நிரப்பும்படி மாற்றினார். திருத்தத்தோடு எழுதிய விளக்கத்தில், மிகப் பெரிய அகலத்தைக் கணக்கிடுவது ஒன்று, வெற்றிடத்தை நிரப்புவது இன்னொன்று, இரண்டையும் சோதிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். சோதனைக்காக அவர் செய்தது அழகான வேலை. முன்பே இருந்த சோதனையில் எட்டெழுத்துக் கோப்புப் பெயர் ஒன்று உண்டு. அதிலிருந்த இரண்டு எழுத்துகளின் தலையில் இரட்டைப் புள்ளி வைத்தார். திரையில் பெயர் அதே 8 கட்டம், நினைவகத்தில் 10 பைட். கூடவே இருந்த ஏழெழுத்துப் பெயரின் ஓர் எழுத்துக்கும் அப்படியே வைத்தார். புதிதாக ஒரு சோதனையைக் கட்டி எழுப்பாமல், இருந்த பெயர்களிலேயே புள்ளி வைத்து இரண்டு பழுதையும் மாட்டவைத்தார்.

திருத்தம் ஒரே மூச்சில் உள்ளே போய்விடவில்லை. பல முறை மாற்றி எழுதப்பட்டது. அந்த நிரலில் இன்னொரு இடமும் இடித்தது. பெயர் மிக நீளமாக இருந்தால் கிட் அதன் தலைப்பகுதியை வெட்டிவிட்டு மூன்று புள்ளி போடும். எத்தனை கட்டம் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அத்தனை பைட்டை வெட்டியது. தமிழ்ப் பெயரில் அந்த வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழலாம். அப்போது அந்தப் பகுதியைத் தொடாமல், இங்கே கட்டமும் பைட்டும் குழம்பியிருக்கின்றன, வேலை பாக்கி என்று நிரலுக்குள்ளேயே விரிவான குறிப்பு எழுதி வைத்தார்கள். எது இந்தத் திருத்தத்தின் எல்லை, எது அடுத்த திருத்தத்துக்கானது என்று பிரித்து, விட்டதை மறைக்காமல் எழுதிவைப்பதும் ரிவ்யூவில் சேர்ந்த வேலைதான்.

உங்கள் ஊரில் இதை விளக்க ஜக்கார்டு பெட்டியே போதும். அட்டைக் கோவையில் ஒரு துளை தவறினால் பார்டரில் அந்த இழை ஒரு முறை தவறுவதோடு நிற்காது. கோவை சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தவறும். சேலை முழுவதும் அந்தத் தவறு ஓடும். ஆகவே அட்டையைக் கோக்கும் முன் வரைபடத்தோடு வைத்துப் பார்க்கிற கண்ணுக்கு மதிப்பு. கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் மென்பொருளில் ஒரு வரிக்கும் அதே நிலைமைதான்.

ஒரே ஒரு சமக்குறி என்ன செய்யும் என்பதற்கு 2003 நவம்பரில் நடந்தது சாட்சி. அப்போது லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் பிட்கீப்பரில் இருந்தது. சிவிஎஸ் என்ற பழைய கருவியில் படிக்க விரும்புவோருக்காக ஒரு நகலும் வைத்திருந்தார்கள். யாரோ அந்த நகலுக்குள் புகுந்து இரண்டு வரி சேர்த்தார்கள். பார்ப்பதற்குச் சாதாரணப் பிழைச் சோதனை போல இருக்கும். ஆனால் 'பயனர் எண் பூச்சியமா?' என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ஒன்று போட்டால் அது கேள்வியாக இருக்காது, 'பயனர் எண்ணைப் பூச்சியமாக்கு' என்ற கட்டளையாகிவிடும். பூச்சியம் என்பது கணினியின் தலைமைப் பயனர். அந்த வரிகள் இருந்த செயல்கூறைக் குறிப்பிட்ட விதத்தில் அழைப்பவருக்குக் கணினி முழுவதும் திறந்துவிடும். நகலில் இருந்த அந்த மாற்றத்துக்கு மூலத்தில் ஒப்புதல் பெற்ற பதிவு எதுவும் இல்லை என்பதால் சிக்கியது. மூலநிரலுக்கு அது போய்ச் சேரவே இல்லை. யார் மாற்றினார், யார் ஒப்புக்கொண்டார் என்ற தடம் ஒழுங்காக இருந்ததுதான் காப்பாற்றியது. இன்று கிட்டில் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும், 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று பொருள்படும் கையொப்ப வரி இல்லாமல் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். லினக்ஸில் 2004-இல் தொடங்கிய வழக்கம் அது.

தமிழ்ப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில பழுதுகள் தமிழில் பெயர் வைத்தால் மட்டுமே கண்ணில் படும்.

'கோர்வை' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். உடலையும் பார்டரையும் மூன்று நாடாவில் கோக்கும் வேலை எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடு இரண்டு விதமாக எழுத அனுமதிக்கிறது: ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸ் கணினி நாம் எழுதியபடியே வைத்துக்கொள்ளும். மேக் கணினியில் அன்றிருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயரைப் பிரித்து இரண்டாக்கி வைத்தது. விளைவாக, லினக்ஸில் சேமித்த கோர்வையை மேக்கில் இறக்கினால், யாரும் சேர்க்காத புதுக் கோப்பு ஒன்று கிடக்கிறது என்று கிட் சொல்லும். அதன் பெயரும் கோர்வை! இதற்கான திருத்தம் 2012-இல் வந்த 1.7.12 பதிப்பில் சேர்ந்தது. எழுதியவர் அதே பெகர்ஸ்ஹவுசன். அவருக்கு வந்த தொல்லை ஐரோப்பிய எழுத்துகளின் இரட்டைப் புள்ளியால். ஆனால் பலன் ஓகாரத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அத்தோடு கதை முடியவில்லை. 2021-இல் அந்தத் திருத்தத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. கட்டளையில் நாம் தட்டும் பெயர்களைக் கிட் சேர்த்து எழுதிக்கொண்டது. நாம் நின்றுகொண்டிருக்கும் கோப்புறையின் பெயரே அப்படிப் பிரிந்த பெயராக இருந்தால் அதைச் சேர்க்க மறந்திருந்தது. அங்கே நின்றபடி ஒரு குறிப்பிட்ட கட்டளையைக் கொடுத்தால் கிட் பிழை காட்டி நின்றுவிடும். ஒன்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. கோர்வை என்று கோப்புறைக்குப் பெயர் வைத்து, மேக்கில் வேலை பார்த்த ஆரணிக்காரர் யாராவது இருந்திருந்தால் முன்பே பட்டிருக்கலாம்.

இன்னொன்று, இதைவிட நுட்பமானது. 'ரிக்‌ஷா' என்று தட்டச்சு செய்யும்போது க்-உம் ஷ-வும் ஒட்டிக்கொண்டு கூட்டெழுத்தாகிவிடாமல் இருக்க, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி போடுகிறோம். எச்எஃப்எஸ் பிளஸ் இந்தக் குறியைப் பெயரில் கணக்கிலேயே எடுக்காது. கிட் தன் சொந்த அமைப்புகளை வைத்திருக்கும் மறைவான கோப்புறையின் பெயருக்குள் இந்தக் குறியைச் செருகி ஒருவர் அனுப்பினால், கிட்டுக்கு அது வேறு பெயர், மேக்குக்கு அதே பெயர். அந்த வழியாக அடுத்தவர் கணினியில் தன் கட்டளையை ஓடவைக்கலாம். 2014 டிசம்பரில் இதற்குத் திருத்தம் வந்தது. அந்தக் குறி இருக்கும் பெயர்களை எல்லாம் தடை செய்துவிடுவதுதான் சுலபமான வழி. செய்திருந்தால் ரிக்‌ஷா என்ற கோப்பைச் சேமிக்கவே முடிந்திருக்காது. திருத்தம் எழுதியவர்கள் அப்படிச் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்தக் குறிப்பிட்ட கோப்புறைப் பெயராக வருகிறதா, வந்தால் மட்டும் மறு என்று எழுதினார்கள். திருத்தத்தைப் படிக்கும்போது, பழுது போகிறதா என்பதோடு நல்லது எதையாவது சேர்த்து வெட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைத் தமிழ் தெரிந்தவர் பார்த்தால்தான் ரிக்‌ஷா நினைவுக்கு வரும்.

இத்தனைக்கும் பிறகு, கிட்டில் 'ஆரணி' என்று ஒரு கோப்பை வைத்து நிலவரம் கேட்டுப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் பெயர் இப்படி வரும்: \340\256\206\340\256\260\340\256\243\340\256\277. நான்கு குறி, பன்னிரண்டு பைட், நாற்பத்தெட்டு எழுத்து. இதைப் பார்த்து மிரண்டுபோய் ஆங்கிலத்தில் பெயரை மாற்றி வைப்பவர்கள் உண்டு. மாற்ற வேண்டாம். கோர்.குவோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் ஆரணி ஆரணியாகவே வரும். மேலே சொன்ன கோணல் கோடும் அந்த அமைப்பை மாற்றியவர்களுக்குத்தான் தெரிந்தது. எண்களாக வரும்போது எல்லாம் ஆங்கில எழுத்தளவு என்பதால் கோடு நேராகவே இறங்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். நிரல் எழுதி அனுப்புவதற்கு முன், அடுத்தவர் திருத்தம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். கிட்டின் வரலாறு முழுவதும் திறந்தே கிடக்கிறது. முதலில் விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு, நிரலைப் பார்க்காமல், எங்கே கை வைத்திருப்பார் என்று ஊகியுங்கள். விளக்கத்திலிருந்து ஊகிக்க முடியவில்லை என்றால் விளக்கம் போதவில்லை, அதைச் சொல்வதே பயனுள்ள ரிவ்யூ. பிறகு சோதனையைப் பாருங்கள். திருத்தத்தை நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டினால் தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் அந்தச் சோதனை எதையும் காவல் காக்கவில்லை. அடுத்தது, அதே தவறு வேறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். ஸ்டர்லென்னுக்குப் பின்னால் பிரிண்ட்எஃப் ஒளிந்திருந்தது போல.

பெரியவர்களிடம் குறை சொல்லக் கூச்சப்படுவது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். தொழில் கற்றுத்தந்தவரிடம் 'இந்த இழை தவறு' என்று சொல்ல நா எழாது. கிட்டில் ஹமானோ எழுதும் திருத்தமும் பிறர் முன்னால் வைக்கப்பட்டுக் கேள்விக்கு உள்ளாகிறது. 'இந்த வரி புரியவில்லை, இந்தப் பெயரை வைத்தால் என்ன ஆகும்?' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேள்வியை வரியின் மேல் வையுங்கள், ஆளின் மேல் வைக்க வேண்டாம். பதில் தாமதமாக வரலாம். ஏற்கத்தக்க திருத்தம்கூட முதலில் சீன் என்ற கிளையில் இருந்து, நெக்ஸ்ட் என்ற கிளையில் ஊறி, அதன் பிறகே மாஸ்டருக்குப் போகும்.

கையோடு பார்ப்பதற்கு ஒரு வேலையும் இருக்கிறது. கிட்டின் அகல அட்டவணை யூனிகோடு தரவிலிருந்து எடுக்கப்படுவது. அதில் தமிழ்ப் பகுதியிலிருந்து அகலம் பூச்சியம் என்று இருப்பவை மூன்றே மூன்று: நாம் பயன்படுத்தாத ஒரு வட்டக் குறி, மெய்யெழுத்தின் புள்ளி, ஈகாரக் குறி. இகரக் குறி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கிட்டின் கணக்கில் 'கி' 2 கட்டம், 'கீ' 1 கட்டம். உங்கள் டெர்மினலில் இரண்டும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன? ஒரே டெர்மினலில் பார்த்து நின்றுவிடாமல், லினக்ஸில் இரண்டு மூன்று, விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று என்று பாருங்கள். கோடு எங்கே நேராக இறங்குகிறது, எங்கே நகர்கிறது என்று படம் பிடித்து, எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். பெகர்ஸ்ஹவுசன் புள்ளி வைத்த சோதனை, கிட் மூலநிரலின் சோதனைக் கோப்புறையில் டி4012 என்ற எண்ணில் இருக்கிறது. அதிலுள்ள எட்டெழுத்துப் பெயரின் இடத்தில் 'முந்தி'யைப் போட்டு, எதிர்பார்க்கும் விடையையும் அதற்கேற்ப மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகு 'கீற்று' என்று போட்டும் ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துப் பட்டையும் தமிழ்க் கணிமையையும் நேசிக்கும் ஒருவர்